இடிக்க வந்தவன் விட்டுவைத்த வாசல்

போன வருடம் செப்டம்பர். மகளைக் கல்லூரியில் சேர்க்க தோஹாவிலிருந்து இங்கிலாந்து போயிருந்தேன். எனக்குக் கட்டடம் இடிக்கும் வேலை. தோஹாவில் முப்பது வயதுக் கட்டடம் என்றால் கிழடு. சுவரில் பெருக்கல் குறி விழுந்தால் கலாஸ், கதை முடிந்தது; எங்கள் இயந்திரம் வந்து நிற்கும். மகள் பிறந்து வளர்ந்த எங்கள் கட்டடத்திலும் அந்தக் குறி விழுந்துவிட்டது. அதை அவளிடம் சொல்ல விமானத்திலிருந்தே வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

ஹாஸ்டலில் விடுவதற்கு முந்தைய நாள், மழைக்கு ஒதுங்கி ஒரு கிராமத்துச் சர்ச்சுக்குப் போனோம். வாசலிலேயே ஷூவைக் கழற்றினேன்.

"அப்பா, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க."

"இருக்கட்டும்டா. சாமி இருக்கிற இடம்."

சிரித்துக்கொண்டே அவளும் கழற்றினாள்.

நிமிர்ந்தேன். அரைவட்டமாய் ஒரு வாசல் வளைவு. வளைவு நெடுக ரம்பப் பல் போல ஓடும் செதுக்கல். அதற்கும் உள்ளே வரிசையாய்ப் பறவைத் தலைகள், ஒவ்வொன்றும் கல் விளிம்பை அலகால் கவ்விக்கொண்டு. ஒன்றுக்குக் கோபம், ஒன்றுக்குத் தூக்கக் கலக்கம். ஒன்று, அலகு உடைந்தும் பிடியை விடவில்லை.

எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இடிக்க முதல் அடி எங்கே போடலாம் என்றுதான் என் கண் தேடும். தொழில் புத்தி. அன்றும் தேடிற்று. உச்சிக் கல்வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. வெறுங்காலின் கீழே கல் சில்லென்றிருந்தது.

உள்ளே பூ அடுக்கிக்கொண்டிருந்த வயதான அம்மா வாசலுக்கு வந்து விவரம் சொன்னார். நார்மன் அரசர்கள் காலத்தது, தொள்ளாயிரம் வருடமாவது இருக்குமாம். சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றையும் பின்னால் வந்தவர்கள் இடித்துக் கட்டினார்களாம். இந்த வாசலை மட்டும் விட்டுவிட்டார்களாம்.

யார் விட்டது? என்னைப் போல ஒருவன்தானே! கடப்பாரையோடு வந்தவன், நான் நின்ற இதே கல்லில் நின்று, இதைத் தொட வேண்டாம் என்றிருக்கிறான். உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பிலேயே சொல்லிவிட்டேன்.

"நம்ம பில்டிங்க இடிக்கப் போறாங்கம்மா."

"டூட்டி உங்களுக்கா?"

தலையாட்டினேன். அவள் நிமிர்ந்து அந்தப் பறவைகளைப் பார்த்தாள்.

"அப்போ ஏதாவது ஒண்ண விட்டு வைங்கப்பா."

உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் ஷூக்களைக் காணோம். பதறிப்போனேன். சாரலில் நனையாதிருக்க அந்த அம்மா அவற்றை எடுத்துப்போய் ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தார். காலை நுழைத்தால் கதகதப்பு.

தோஹா திரும்பி, இடிக்கும் நாளன்று எங்கள் ஃபிளாட்டின் வாசல்கதவை நிலையோடு பெயர்த்தெடுத்தேன். இயந்திரம் ஓட்டும் புதுக்கோட்டைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, வீடே மாஃபி, இல்லேன்னு ஆகப்போகுது. கதவ வச்சுக்கிட்டு எங்க நுழையப் போறீங்க? யல்லா, தள்ளுங்க!"

அந்தக் கதவு இப்போது எங்கள் புது வீட்டில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. திறந்தால் வெறும் சுவர். லீவுக்கு வந்த மகள் அதன் முன்னால் ஷூவைக் கழற்றிவிட்டு மெல்லத் தட்டினாள். உள்ளறையிலிருந்து நானும் மனைவியும் ஒரே குரலில் கேட்டோம்: "யாரு?"

இன்றும் எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் முதல் அடி எங்கே என்று என் கண் தேடத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன், எதை விட்டுவைக்கலாம் என்று ஒரு கணம் நின்று பார்க்கிறது.