இருபது நிமிட எரிபொருள்

எண்பத்தாறாம் வருடம் மாங்காய் இறக்கும் பருவத்தில், கடத்தூருக்கு அருகே ஒரு மனிதர் தன் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையை நான் அடைத்தேன். முள்ளை வெட்டிப் போட்டவை வேறு கைகள். போட வைத்த வாய் என்னுடையது. அந்த மனிதர் விமானப்படையில் எனக்கு மேலே இருந்தவர். ஹெலிகாப்டர்களில் நாங்கள் போகும்போது அவர் முதலில் போவார், நான் இரண்டாவதாகப் போவேன். அவரை லீடர் என்றே கூப்பிட்டுப் பழகினேன். பதினைந்து வருடம் அவரை வெறுத்தேன். அந்த வெறுப்புக்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். அதை யாரிடம் சொன்னாலும் என் பக்கம்தான் பேசுவார்கள்.

எழுபத்தொன்றாம் வருடப் போரில் எங்கள் பிரிவில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். நான் பொம்மிடி, அவன் கடத்தூர்ப் பக்கத்துக் கிராமம். எனக்கு மாதா கோயில், அவனுக்கு மாரியம்மன் கோயில். மற்றபடி இருவருக்கும் அதே ராகிக் களி, அதே பேச்சு. மெஸ்ஸில் சப்பாத்தியைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் அப்பாவின் நிலத்தைப் பற்றி ஆரம்பிப்பான். "எங்க வூட்டு மாங்காயில ஒண்ண உப்புத் தொட்டுத் தின்னா, ரெண்டு பக்கமும் துப்பாக்கியப் போட்டுட்டு ஊருக்குப் போயிருவானுங்க" என்பான். லீடர் ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுக்காரர். அவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த நண்பன் போரில் செத்தான். அவனுடைய ஹெலிகாப்டர் விழுந்து, அவன் மட்டும் பிழைத்து ஆற்று மணலில் நின்று கையசைத்தபோது, லீடர் எங்களைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். இதுதான் என் நியாயம்.

ஓய்வுக்குப் பிறகு நான் பொம்மிடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்பத்திரண்டில் லீடர் வந்து நாலு ஏக்கர் மாந்தோப்பு வாங்கினார். எங்கே? என் நண்பனின் அப்பா நிலத்துக்கு அடுத்தாற்போல. கையிலிருந்ததையெல்லாம் அதில் போட்டார் என்று கேள்வி. தோப்புக்கு வேறு வழி கிடையாது. நண்பனின் அப்பாவான பெரியவர் தன் நிலத்தின் நடுவே வண்டிப்பாதை விட்டுக்கொடுத்தார், மகனோடு வேலை பார்த்த ஆபீசர் என்பதற்காக. அந்த ஆபீசர் அன்று அங்கே இருந்தவர் என்பது அவருக்குத் தெரியாது. நான் எப்போது பார்க்கப் போனாலும், "கடேசில என்னதாங்க தம்பி நடந்துச்சு?" என்று கேட்பார். "சரியாத் தெரியாதுங்கப்பா" என்பேன்.

எண்பத்தாறு மே மாதம், தருமபுரியில் முன்னாள் படைவீரர் கூட்டம் முடிந்து, நாங்கள் மூன்று பேர் பஸ் ஏறி ஒகேனக்கல் போனோம். மூன்றாமவர் கிருஷ்ணகிரிக்காரர், சரக்கு விமானம் ஓட்டியவர். அதனால் எங்களுக்கு அவர் பார்சல்காரர். மீன் வறுவல் கடையில் உட்கார்ந்ததும் அவர்தான் எடுத்தார்.

"மேல இருந்து மூட்டையத் தள்ளிட்டு ஓடி வந்தவன் நான். நீங்க சொல்லுங்கய்யா. நம்மாளு ஒருத்தன் கீழ மாட்டிக்கிட்டான், சுத்தியும் சுடறான். எறங்குவீங்களா மாட்டீங்களா?"

"உள்ள யாரை ஏத்தியிருக்கேங்கறதப் பொறுத்தது," என்றார் லீடர். "அடிபட்டவங்க படுத்திருந்தா, மெஷின் அவங்களோடது. என்னோடது இல்ல. கீழ நிக்கறவன் என் தம்பியா இருந்தாலும் எறங்கமாட்டேன்."

"காலியா இருந்தா?"

லீடர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். "காலியா இருந்தா எறங்கலாம்."

"காலியோ ஃபுல்லோ, எறங்கணும் சார்," என்றேன். "செத்தாலும் எறங்கணும். மேல நின்னு பாத்துட்டுத் திரும்பி வந்தவன் அப்புறம் எப்படிச் சோறு திங்கறான்னுதான் எனக்குப் புரியல."

"அடேயப்பா!" என்றார் பார்சல்காரர். "பரிசல் கவுந்தா மொதல்ல இவருதான் குதிப்பாரு போல. ஏங்க, நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

லீடர் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எறங்குவே," என்றார். அவ்வளவுதான். மறுபடி மீனுக்குக் குனிந்துகொண்டார்.

அந்த இரண்டு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவர் முன்சீட்டில் தூங்கினார். ஆடிக்கொண்டிருந்த அவர் பின்தலையைப் பார்த்தபடியே, இந்த ஆளை அந்த மண்ணிலிருந்து கிளப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். நண்பனுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவரிடம் போனேன். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு மூணு ஹெலிகாப்டர் போச்சுங்க. மொதல் ஹெலிகாப்டர்ல அடிபட்ட சிப்பாய்ங்கள ஏத்திக்கிட்டுக் கெளம்பினோம். உங்க பையன் கடைசியா கெளம்பினான். கெளம்பறப்பவே சுட்டுட்டானுங்க. ஆத்துக்கு அந்தாண்ட மணல்ல விழுந்தான். கூட இருந்தவங்க போயிட்டாங்க. இவன் வெளிய வந்து பனியனக் கழட்டி ஆட்டினான். மொதல்ல போனவரு அதப் பாத்தாரு. ஒரு சுத்து சுத்தினாரு. திரும்புன்னுட்டாரு."

பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"என் மவன உட்டுப்போட்டு வந்தது ஆருங்க?"

"உங்க பக்கத்துத் தோப்புக்காரர்தாங்க."

"ஆபீசரா?"

"ஆமாங்க."

"நாலு வருசமா என் கெணத்துத் தண்ணியக் குடிக்கறானே தம்பி," என்றார்.

மறுநாள் காலை பாதையின் இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்கு வேலிக்காத்தான் முள் கிடந்தது. பெரியவரின் பங்காளிகள் நான்கு வீடும் ஒன்று சேர்ந்துகொண்டன. மாங்காய் பறிக்க ஒரு ஆள்கூடப் போகவில்லை. வந்த டெம்போ திரும்பிப் போனது. லீடர் பெரியவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருக்கிறார், கதவு திறக்கவில்லை. போலீசுக்குப் போகச் சொன்னவர்களிடம், வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நான் வேடிக்கை பார்க்கப் போனேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். மரத்தடியில் பழம் விழுந்து வெடித்துக் கிடந்தது. புளித்த வாடை ரோடு வரை வந்தது. லீடரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஓடைக்கரை வழியாகச் சுற்றி ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் வழுக்கி உட்கார்ந்தார். பழங்கள் ஓடைக்குள் உருண்டன. லீடர் அவற்றைப் பொறுக்கக் கீழே இறங்கினார். நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நெஞ்சு நிறைந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். அன்று இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, காலையில் நான் கணக்கு நோட்டுகள் திருத்திக்கொண்டிருக்கையில் லீடர் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போது கவனித்தேன், கால்களில் முள் கீறல்கள் இருந்தன. என் மனைவி காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

"பெரியவரு நீ சொன்னா கேப்பாரு," என்றார். "ஒரு பதினஞ்சு நாளைக்குப் பாதையத் தொறக்கச் சொல்லு. இந்தக் காய் போயிடுச்சுன்னா நான் தோட்டத்த வித்தாகணும்."

"ஏன் அடைச்சாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும். சொன்னது நீன்னும் தெரியும்."

"நான் பொய் சொல்லல."

"இல்ல," என்றார். "பொய் சொல்லல."

அவர் சொன்னது சரி. பம்புசெட்டருகே அன்று நான் பெரியவரிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அடிபட்டவர்கள் எட்டுப் பேரும் லீடரின் ஹெலிகாப்டரில் இருந்தார்கள். நான் காலியாக வந்துகொண்டிருந்தேன். நண்பன் பனியனை ஆட்டுவதை நான்தான் முதலில் பார்த்தேன். மரவரிசையிலிருந்து துப்பாக்கிப் பொறி வருவதையும் பார்த்தேன். லீடர் ரேடியோவில் என்னைக் கேட்டார், "ஃப்யூல் எவ்வளவு இருக்கு?" எனக்குத் திரும்பிப் போகத் தேவையானது போக, இன்னும் இருபது நிமிடத்துக்கு இருந்தது. இறங்கி ஏற ஐந்து நிமிடம் போதும். "வீடு போகத்தான் சார் இருக்கு," என்றேன். அவர் மணலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றினார். பிறகு, "சரி, திரும்பு" என்றார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தன் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவன் சொன்னால், எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் மறுகேள்வி கேட்க மாட்டார். அதைக் காட்டும் முள் அவன் கண்முன்னால்தான் இருக்கிறது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். இரண்டு நாள் கழித்துத் தரைப்படைக்காரர்கள் உடலை எடுத்தார்கள். தொடையில் அவனே கட்டிய கட்டு இருந்தது. நாங்கள் திரும்பிய பிறகும் வெகுநேரம் உயிரோடு இருந்திருக்கிறான்.

லீடர் காப்பியைத் தொடவில்லை.

"நீ வந்து எறங்கினதும் உன் மெஷின்ல எவ்வளவு ரொப்பினாங்கன்னு சீட்டு வந்துச்சு. கம்மியாத்தான் ரொப்பியிருந்தாங்க. கையெழுத்துப் போட்டது நான்தான்."

நான் நோட்டை மூடி வைத்தேன். "அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"ரிப்போர்ட்ல நீங்கதான் திரும்பச் சொன்னதா..."

"அடுத்த நாளும் உன்னோட பறக்க வேண்டியிருந்தது. நீ பொய் சொன்னேன்னு எழுதினா, அப்புறம் எவன் சொல்ற ஃப்யூலை எவன் நம்புவான்?" எழுந்துகொண்டார். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. உன் மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் அந்தச் சீட்டுல இருந்த லிட்டர்தான் ஞாபகம் வருது. பெரியவருகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவருக்குத் திட்ட ஒரு ஆள் போதும். பாதையத் தொறக்க மட்டும் சொல்லு."

அவர் கேட்டது அவ்வளவுதான். அன்றே பஸ் ஏறியிருந்தால் அவர் தோட்டம் பிழைத்திருக்கும். நான் ஏறவில்லை. போனால் பெரியவர் 'ஏன் தம்பி மனசு மாறினீங்க?' என்று கேட்பார் என்று பயம். அதற்கும் அடியில், எல்லாம் தெரிந்த இந்த ஆள் ஊரை விட்டே போய்விடட்டும் என்று ஓர் ஆசை. நண்பனுக்காக என்று நான் சொல்லிக்கொண்டிருந்த பழி எதற்காக என்று அடுத்து வந்த பன்னிரண்டு நாளில் எனக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பதின்மூன்றாம் நாள், தோட்டத்தைப் பங்காளி ஒருவன் அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டான், ஆபீசரும் அம்மாளும் ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் போனேன். பாதையில் முள் இல்லை. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, "போய்ட்டானுங்க தம்பி!" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலி ஹெலிகாப்டர், இருபது நிமிடம், சீட்டு, தொடையில் கட்டு, எதையும் விடவில்லை. அவர் கை நின்றது. கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எறங்கியிருந்தா என் மவன் பொழைச்சிருப்பானா?"

"தெரியாதுங்கப்பா. நானும் செத்திருக்கலாம்."

"செரி. ரெண்டு பேரும் செத்திருப்பீங்க," என்றார். "அவன் தனியாச் சாவாம இருந்திருப்பான்."

நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். அதையும் அவர் புரிந்துகொண்டார். "உங்கள அடிக்க எனக்குத் தெம்பு இல்ல. பசங்ககிட்டச் சொன்னா அடிப்பானுங்க. ஒரு நாள்ல முடிஞ்சிரும். எனக்கு அது வேண்டாம். நீங்க திரும்பின நாளு எது?"

சொன்னேன். கார்த்திகையில் ஒரு நாள். அவர்களுக்கு வந்த தந்தியில் இருந்தது உடல் கிடைத்த தேதி. அந்தத் தேதிக்குத்தான் அவர்கள் வருடா வருடம் படையல் போட்டுக் கும்பிட்டு வந்தார்கள்.

"இனிமே உங்க நாள்லதான் கும்புடறது," என்றார். "வருசா வருசம் நீங்க வரணும். வல்லீன்னா ஊரே வந்து உங்க வூட்டு முன்னால நிக்கும்."

போனேன். அவர் சாகும் வரை ஆறு வருடம் போனேன். தோட்டத்துப் பாதையைப் பற்றியோ லீடரைப் பற்றியோ யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. லீடருக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. படையல் முடிந்ததும் பெரியவர் என்னை முதல் இலையில் உட்கார வைப்பார். "எம் மவனோட சிநேகிதருங்க. கடேசி நேரத்துல கூட இருந்தவரு" என்று வந்தவர்களிடம் சொல்வார். பெண்கள் கண் கலங்கி, எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பார்கள். பெரியவர் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்துகொள்வார். நான் கை வைப்பதிலிருந்து இலையை மடிக்கும் வரை ஒவ்வொரு கவளத்தையும் பார்ப்பார்.

"சாப்புடுங்க தம்பி," என்பார். "இன்னும் கொஞ்சம் போடச் சொல்றேன்."