சான் கிறிஸ்தோபல் மலையில் ஒரு சப்பரம்

மாடியில் குடியிருக்கும் பெண் என் கதவைத் தட்டியபோது சனிக்கிழமை மாலை ஆறரை மணி. சுங்கத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பினால் எந்த மேசையில் மாட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும் என்று தெருவே நம்புகிறது. நானும் நம்பினேன். அந்தப் பெண் புன்னைக்காயல்காரி. கணவன் சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை.

"அண்ணாச்சி, அவியளப் பிடிச்சு வச்சிருக்காவளாம்."

"யாரு? எந்த ஊர்ல?"

"மெக்சிகோவுல. மலைமேல."

கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். மறுமுனையில் அதே கப்பலின் சமையல்காரர், கீழக்கரைக்காரர். தெற்கு மெக்சிகோவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்ப்புக்கு நின்றிருக்கிறது. கிடைத்த விடுப்பில் இருவரும் பஸ் பிடித்து சான் கிறிஸ்தோபல் என்ற மலையூருக்குப் போயிருக்கிறார்கள். அங்கே அம்பர் விற்கிறது. மரப்பிசின் இறுகிக் கல்லான மஞ்சள் மணி. இவளுடைய மகளுக்குக் கம்மல் வாங்க வேண்டுமாம். வாங்கியாயிற்று. அத்தோடு திரும்பியிருக்கலாம். பக்கத்து மலைக் கிராமத்தில் கோயில் திருவிழா என்று யாரோ சொல்ல, அதையும் பார்க்கப் போனார்கள்.

"கோயிலுக்குள்ள பெஞ்சே இல்லண்ணே," என்றார் சமையல்காரர். "தரை முழுக்க பைன் இலை பரப்பியிருக்கு. அதுமேலதான் உக்காருறாக. தரையிலயே மெழுகுவத்தி ஒட்டி வச்சு அழுவுறாக. சாமிக்கெல்லாம் பூப்போட்ட துணி, நெஞ்சுல கண்ணாடி. போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு. நாங்க எடுக்கல."

"பிறகு எதுக்குப் பிடிச்சாங்க?"

"நேத்து சாயங்காலம் சப்பரம் வெளிய வந்துச்சு. தூக்குறவர் ஒருத்தர் கால் இடறுன மாதிரி இருந்துச்சு. நம்மாளு ஓடிப்போயி தோளக் குடுத்துட்டாரு."

நம் கரையில் இது குற்றமில்லை. சப்பரம் போகும்போது தூக்குகிறவன் களைத்தால் பக்கத்தில் நிற்பவன் தோளை நுழைப்பான். அதற்கு அனுமதி கேட்டால்தான் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கிராமத்தில் புனிதரைத் தூக்கும் முறைக்காக ஒருவன் பல வருடம் காத்திருக்கிறான். முறை வரும்வரை நோன்பு, உழைப்பு, விருந்து. அந்தத் தோளை விலக்கிவிட்டு இவன் இருபதடி நடந்திருக்கிறான். பாதி வழியில் புனிதரைக் கைவிட்டவன் என்று அந்த மனிதன் மேல் பழி. இவன் கிராமத்து ஊர்க்கூடத்தில் பூட்டிய அறையில்.

அங்கே அப்போது சனிக்கிழமை காலை ஏழு. கப்பல் ஞாயிறு நண்பகல் கிளம்புகிறது. துறைமுகத்துக்குக் கடைசி பஸ் சனி இரவு ஒன்பதுக்கு; ராத்திரி முழுக்க ஓடும். தவறவிட்டால் கப்பலை விட்டு ஓடியவன் என்று கேப்டன் எழுதுவார். அதன்பின் வேறு எந்தக் கப்பலும் ஏற்றாது. இவ்வளவையும் அந்தப் பெண்ணுக்கு நான் விளக்கிச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். போலீஸ் உதவியோடு மீட்கக் கோரித் தூதரகத்துக்கு ஒரு மனு, பார்வை ஒன்று முதல் நான்கு வரை, இணைப்புகள் ஏழு. நகல் கப்பல் முகவருக்கு. அனுப்பிய மறுநொடியே தூதரகத்திலிருந்து பதில் வந்தது: வேலை நாட்களில் தொடர்பு கொள்ளவும். முகவரின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அந்த ஊரைப் பற்றிப் படித்தேன்.

கொடைக்கானல் உயரத்தில் ஓட்டுக்கூரை ஊர். 1528இல் ஸ்பானியர் கட்டியது. நடுவில் மஞ்சள் பேராலயம், சதுக்கம், அளந்து போட்ட தெருக்கள். சுற்றிலும் பேட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோயில், ஒரு தொழில். ஒன்றில் கொல்லர்கள், ஒன்றில் மெழுகுவத்தி, ஒன்றில் வாணவெடி. அந்த ஊர் எழுந்த சில வருடங்களில்தான் போர்ச்சுகீசியர் நம் கரைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இரண்டு அரசர்கள் உலகத்தை ஒரு கோடு போட்டுப் பிரித்துக்கொண்டு, ஒரே சரக்கை இரண்டு திசையில் இறக்கியிருக்கிறார்கள். இறக்கிய இடத்தில் மக்கள் அதற்குத் தங்கள் துணியை உடுத்தி, தங்கள் சட்டத்தையும் வைத்துக்கொண்டார்கள். சுங்கத் துறையில் இதை நாங்கள் மறு ஏற்றுமதிக்கு உதவாத சரக்கு என்போம்.

இன்னொன்றும் படித்தேன். சுற்று மலைகளின் பூர்வகுடிகள் அந்த ஊர் நடைபாதையில் நடக்கக்கூட முடியாமல் இருந்த காலம் உண்டு. வெள்ளைத்தோல்காரன் எதிரே வந்தால் தெருவில் இறங்கி நிற்க வேண்டும். அது முந்நூறு வருடத்துக்கு முந்தைய சங்கதி இல்லை. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கீழிருந்து வரும் காக்கிச் சட்டை மேலே என்னவாகத் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முகவரின் பதில் எட்டு மணிக்கு வந்தது. தங்கள் மனுவின்படி போலீசுக்குச் சொல்லிவிட்டோம்; உள்ளூர் நேரம் பத்து மணிக்கு வண்டி மேலே போகிறது.

சமையல்காரரை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"போலீசா? வேணாம்ணே. இங்க ஊர்தான் கோர்ட்டு. கீழருந்து வண்டி வந்தா கதவ இன்னும் இறுக்கிப் பூட்டுவாக. யாருண்ணே சொன்னது?"

நான்தான் என்று சொன்னேன்.

அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணாச்சி, யாரு தோள இவிய விலக்குனாவளோ, அந்த ஆளப் பத்தி ஏதும் கேட்டியளா?" என்றாள்.

கேட்கவில்லை. என் மனுவில் அவனுக்குக் கட்டமே இல்லை.

முகவரை அழைத்தேன். எழுத்தில் கொடுங்கள் என்றார். அவரும் முறை தெரிந்தவர். பார்வை, இணைப்பு எதுவும் இல்லாமல் ஒரே வரி எழுதினேன்: தவறு எங்கள் பக்கம், வண்டியைத் திருப்பவும். பணிக்காலம் முழுக்க அப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை. வண்டி கிராம எல்லையில் திரும்பியது. ஆனால் ஊர் பார்த்துவிட்டது. கூடிப் பேசிக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மதியம்வரை யாரும் யாரோடும் பேச மாட்டார்கள் என்று தகவல் வந்தது.

அவர்களுக்கு மதியம் தாண்டியபோது இங்கே விடியவில்லை. அந்தப் பெண் சமையல்காரரைப் பிடித்து, தோளை இழந்த அந்த மனிதனின் மனைவியோடு பேச வேண்டும் என்றிருக்கிறாள். இவள் தமிழில் சொன்னதைச் சமையல்காரர் ஆங்கிலத்தில் சொல்ல, அவர்கள் தங்கிய விடுதிக்காரி ஸ்பானியத்தில் சொல்ல, கிராமத்துப் பெண் ஒருத்தி அதைத் தங்கள் மொழியில் சொல்லியிருக்கிறாள். என்ன பேசினாய் என்று காலையில் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு தப்புப் பண்ணிட்டாவன்னு சொன்னேன். எங்க ஊர்ல சப்பரத்துல தப்பு நடந்தா கமிட்டி முன்ன முட்டி போடணும். உங்க ஊர்ல எப்படின்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"பெரியவியகிட்ட கேட்டுச் சொன்னாவ. அந்த இருபதடிய மறுபடி நடக்கணுமாம். அந்த ஆளுதான் தூக்கணும். இவிய முன்னால சாம்பிராணி பிடிச்சிட்டுப் போவணும். பிறகு எல்லாருக்கும் மெழுகுவத்தியும் கலரும் வாங்கிக் குடுக்கணும்."

"கலரா?"

"ஆமா, சோடா. அங்கன சாமிக்கு முன்ன அதத்தான் வைப்பாவளாம். சிரிக்காதிய."

நான் சிரிக்கவில்லை. ஞாயிறு காலை ஆறரை. அங்கே சனி மாலை ஏழு. சப்பரம் இன்னும் வெளியே வரவில்லை. கிராமத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு அரைமணிப் பாதை, அதுவும் வேன் கிடைத்தால். படம் எடுக்கக் கூடாது என்பதால் சமையல்காரர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டு அழைப்பை மட்டும் திறந்து வைத்திருந்தார். எங்களுக்குச் சத்தம்தான். ஒரு கொட்டு. நரம்பு வாத்தியம் ஒன்று. வெடி. பிறகு நீண்ட நேரம் எதுவுமில்லை. ஏழரை ஆனது. கேட்டாலும் யார் பதில் சொல்வார்கள்? நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை.

"தூக்கிட்டாவ," என்றாள் திடீரென்று.

"எப்படித் தெரியும்?"

"கொட்டு மாறுது பாருங்க. கால் சேந்து விழுது."

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. இருபதடிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர்களுக்குக் கால்மணிக்கு மேல் ஆயிற்று. பிறகு கூச்சல், பாட்டில்கள் உரசும் சத்தம், இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு. எட்டேகால். காலைப் பூசைக்கு அவள் போகவில்லை. நம் எட்டரைக்கு, அங்கே ஒன்பதுக்கு, பஸ் கிளம்ப வேண்டும். எட்டு முப்பத்தைந்துக்கு அழைப்பு வந்தது. கணவனின் குரல், மூச்சு வாங்கியது.

"ஏளா, ஏறிட்டேன். டிரைவர் நமக்காவ நிறுத்தி வச்சிருந்தான்."

"மன்னிப்புக் கேட்டியளா?"

"முட்டி போட்டேன்."

"அந்த ஆளு என்ன சொன்னாரு?"

"என்னமோ சொன்னாரு. எனக்கு விளங்கல. என் தோளப் பிடிச்சுப் பாத்தாரு, சின்னத் தோளுன்னு சொல்லிருப்பாரு போல. எல்லாரும் சிரிச்சாவ."

அவள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அடுப்படிக்குப் போய் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.