சைக்கிள் கம்பியில் பின்னின குல்லா

நேத்து விஸ்வநத்தம் விலக்குல சைக்கிள் கடைக்காரர் பழைய சக்கரம் ஒண்ணைப் பிரிச்சுப் போட்டிருந்தார். துருவும் கிரீஸும் கலந்த வாசனை மூக்குல ஏறினதும் கால் நின்னுபோச்சு. ரெண்டு கம்பி எடுத்துக்கிட்டேன். "எதுக்கும்மா?"ன்னார். "முதுகு சொறிய"ன்னேன். எல்லார்கிட்டயும் சொல்ற கதையா இது. உங்ககிட்ட சொல்றேன்.

எனக்கு எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனா கைவேலையில என்னைக் குறை சொன்னவுக கிடையாது. பட்டாசுக் கம்பெனியில அணுகுண்டுக்குச் சணல் சுத்துற வேலை. இறுக்கிச் சுத்தினாத்தான் வெடி சத்தம் கொடுக்கும். நான் சுத்தினதைக் கத்தி வச்சாலும் பிரிக்க முடியாதுன்னு போர்மேன் சொல்வார். அந்தப் பெருமையில தரையில கால் பாவாமத் திரிஞ்சேன்.

மூத்தவ எட்டாம் மாசத்துலயே பிறந்துட்டா. தீபாவளி முடிஞ்ச அடைமழை. விருதுநகர் ஆஸ்பத்திரி. அவ தலை ஒரு மாதுளம்பழம் அளவுதான். நர்சம்மா தொட்டுப் பார்த்தாக. "உடம்பு சில்லுன்னு இருக்கு. நெஞ்சோட சேர்த்துக் கட்டிக்கோ. தலைக்குக் கம்பளிக் குல்லா போடு, இல்லேன்னா தாங்காது." வீட்டுக்காரர் பஜார் முழுக்க நனைஞ்சு அலைஞ்சு, ஒரு துண்டோட திரும்பி வந்தார். வெயில்ல வேகிற ஊருல கம்பளிக் குல்லாவை யாரு விப்பா. துண்டைச் சுத்தச் சுத்த அது நழுவி விழுந்துச்சு.

அடுத்த கட்டில்ல ஒரு பாய் வீட்டு அக்கா. பருப்பு வியாபாரம் பண்ற குடும்பம். மடியில நீலக் கம்பளி நூல்கண்டு, நாலு வரிசையோட நிறுத்தின பின்னல். ஊசி எதுங்கிறீக? சைக்கிள் கம்பி ரெண்டைத் தரையில உரசி முனை மழுக்கினது.

"தங்கச்சி, ஒம் புள்ளைக்கு நான் பின்னித் தாரேன்."

"வேண்டாக்கா. அடுத்தவுக கையில வாங்கிப் பழக்கமில்ல."

"வீம்புக்காரி. அப்ப நீயே பின்னு"ன்னு அந்த நாலு வரிசையையும் உருவிட்டு என் மடியில வச்சாக.

வேலை லேசுதான். கம்பியில கண்ணி ஏத்தணும். ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் நூலை விட்டு இழுக்கணும். ஒன்றரைச் சாண் பட்டையா வந்ததும் மடிச்சு, ஓரத்தைத் தைச்சு, உச்சியில சுருக்கிக் கட்டினா குல்லா. புள்ளையைச் சேலைக்குள்ள கட்டிக்கிட்டே ஆரம்பிச்சேன். மத்தியானத்துக்குள்ள முக்கால் பட்டை வந்துருச்சு. அவ தலையைச் சுத்தி வச்சுப் பார்த்தேன். அட்டை மாதிரி விறைச்சு நிக்குது. இழுத்தா கொடுக்கல. அவுத்தேன். மறுபடி பின்னினேன். மறுபடியும் அட்டை. சணல் சுத்தின கைக்கு இழுத்து நெரிக்க மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு.

புள்ள உதடு நீலமா ஆகுது. அழக்கூட இல்ல. நான் மூணாவது தடவை கண்ணி ஏத்துறேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடிச்சாக. "லூசா விடு ஆத்தா. இது குண்டு இல்ல, புள்ளத் தலை."

அப்பத்தான் கவனிச்சேன், அவுக பக்கத்துல புள்ளையக் காணோம்.

"ஒங்க புள்ளைக்குப் பின்னலையாக்கா?"

"அது முந்தாநாளே மண்ணுக்குப் போயிருச்சு. நாலு வரிசைக்கு மேல எனக்குக் கை ஓடல."

ரெண்டு கம்பியையும் அவுக கையில கொடுத்தேன். "நீங்களே பின்னுங்கக்கா." என் வாயில இருந்து அப்படி ஒரு பேச்சு அதுக்கு முன்னால வந்ததில்ல.

விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிச்சுட்டாக. ஒருதரம்கூட நிமிரல. குல்லாவை மாட்டினதும் புள்ள தலைமேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. நானும் எடுக்கச் சொல்லல.

எம் மக பிழைச்சா. இப்ப அவளுக்கே நரை விழுந்துருச்சு. குல்லாவைப் பெட்டிக்குள்ள பூச்சி அரிச்சுத் தின்னுடுச்சு. அந்த வார்டை இடிச்சு மாடி மாடியாக் கட்டிட்டாக. மறுநா விடியக்காலையில அக்காவை வீட்டு ஆளுக கூட்டிட்டுப் போனப்ப நான் அசந்து தூங்கிட்டேன். தலைமாட்டுல அந்த ரெண்டு கம்பியும் இருந்துச்சு. அதுவும் துருவேறி ஒடிஞ்சுபோச்சு, அதான் நேத்து அந்த ரெண்டை எடுத்துக்கிட்டேன்.

பேரு கேக்கல. நாமளா வலியப் போய்க் கேக்குறதான்னு இருந்துட்டேன். விருதுநகர் பஜார்ல நின்னு அக்கான்னு கூப்பிட்டா எம்புட்டுப் பேரு திரும்புவாக.