கடைசி அத்தியாயம் பாக்கி

வீட்டுக்காரருக்கு நெஞ்சில் பைபாஸ் ஆபரேஷன் என்று முடிவானதும், பையில் துணிமணி, பிளாஸ்க், விபூதிப் பொட்டலம் எல்லாம் எடுத்து வைத்தேன். கூடவே ஒரு நாவல். ஆஸ்பத்திரியில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கிப் போட்டது. அட்டையில் ஒரு பெண்ணின் முகம். குடும்பக் கதையாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

வார்டில் பிரித்தால், இரண்டாம் பக்கத்திலேயே பகீரென்றது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக மேஜையிலேயே செத்துப்போகிறார்கள். உள்ளே வேலை செய்கிற யாரோதான் கொல்கிறார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். சட்டென்று மூடினேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"என்ன அம்மிணி, மூஞ்சி வெளுத்துப் போச்சு? சத்தமாப் படி, நானுங் கேக்கறேன்."

"வேண்டாங்க. இது ஒரு மாதிரிக் கதைங்க."

"எந்த மாதிரியா இருந்தா என்ன? ஃபேன் சுத்தறதையே எத்தன நேரம் பாத்துட்டுக் கெடக்கறது?"

அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். புத்தகம் என்று ஒன்றைத் தொட்டவரில்லை. எனக்கு நைட்டி எடுக்கப் போனாலும் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்து, கடைக்காரனைக் கடுப்பேற்றுகிற ஆள். அவர் கதை கேட்கிறேன் என்றதே எனக்கு அதிசயம். படித்தேன்.

சர்க்கரை குறையட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போனார்கள். கதையும் ஓடியது. திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, "ஏக்கா, வேற பொஸ்தகமே கெடைக்கலியா? இதையா இங்க வச்சு வாசிக்கிய?" என்று திட்டினாள். திட்டிவிட்டு, பிரஷர் பார்க்கிற சாக்கில் நின்று அவளும் கேட்டாள்.

இவரானால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் ஆளைப் பிடிப்பார்.

"அந்தக் கம்பவுண்டர்தான். எழுதி வெச்சுக்க."

"அட, அவன் மூணாம் அத்தியாயத்துலயே செத்துட்டானுங்க! எங்க நெனப்ப வெச்சுட்டுக் கேக்கறீங்க?"

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு படிக்கிறவரை எனக்குப் பயமே இல்லை. புத்தகத்தை மூடினால்தான் பயம் பிடித்துக்கொள்ளும். இந்த மனுஷன் இல்லாமல் நான் என்ன செய்வேன்? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவேன். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். கல்லுளிமங்கன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் கண் அயர்ந்தபோது, மீதியை மனசுக்குள்ளேயே படித்து முடித்தேன். கொலைகாரன் மயக்க மருந்து டாக்டர். நல்ல நேரம் பார்த்தது போல, அன்று சாயங்காலமே எங்கள் மயக்க மருந்து டாக்டர் வந்து நின்றார். மெதுவாகப் பேசுகிற தங்கமான மனிதர். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, பல் எதுவும் ஆடுகிறதா என்று விசாரித்தார். கதை வேறு, இவர் வேறு என்றால் மனசு கேட்கிறதா? வீட்டுக்காரரோ சிரித்துக்கொண்டே, "உங்களத்தானுங்க நம்பியிருக்கறேன்" என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் பச்சை கவுனைப் போட்டுவிட்டார்கள். அதன் ஓரத்தையும் திருப்பிப் பார்த்து, "ஓவர்லாக் தையல் சரியில்லீங்களே" என்று நர்ஸிடம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"கொலகாரன் யாருன்னு சொல்லிரு அம்மிணி. தெரியாமப் போனா மண்ட வெடிச்சிரும்."

"அதெல்லாம் முடியாதுங்க. வந்து தெரிஞ்சுக்குங்க."

வந்துவிடுங்கள் என்றுதான் சொன்னேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திரும்ப வார்டுக்குக் கொண்டு வந்த அன்று கேட்டேன்: "இப்பச் சொல்லட்டுங்களா, யாருன்னு?"

"மயக்க ஊசி டாக்டருதான?" என்றார், ஈனக் குரலில்.

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"மொத நாளு நீ காப்பி வாங்கப் போனீல்ல, அப்பவே கடைசிப் பக்கத்தப் பாத்துட்டேன். எதையும் உள்பக்கந் திருப்பிப் பாக்காம எனக்கு ஆகாதே."

தெரிந்துதான் அந்த டாக்டரின் கையைப் பிடித்தாரா! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பறம் எதுக்குங்க செத்தவனைப் போய்க் கொலகாரன்னீங்க? நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனனே!"

"கத்தறப்ப நீ அழுகுல."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பாக்கியப் படி, கேக்கறேன்" என்றார். கண்ணீர் எழுத்தை மறைத்தது. துடைத்துத் துடைத்துப் படித்தேன். கொலைகாரன் முகமூடியைக் கழற்றுகிற இடம் வந்தது.

"அடப்பாவி, இவனா!" என்றார்.