டாக்டரிடம் சொன்ன பொய்

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் ரத்தமும் கலந்து போனது. சூலூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் மருந்து வாங்கிக் கொடுத்தோம். போக்கு நின்றது. ஆனால் முகம் வெளுத்து, இமைகள் வீங்கியிருந்தன. தூக்கம் போதாததால் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒண்ணுக்குப் போனாளா என்றுகூடக் கவனிக்கவில்லை. பனியன் கம்பெனியில் ஒரு வாரம் லீவு போட்டாகிவிட்டது, நாளைக்கு எப்படியும் வேலைக்குப் போயாக வேண்டும் என்பதே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். பால் டம்ளரை நீட்டினேன். அவள் கையை வேறெங்கோ நீட்டி அதைத் தட்டிவிட்டாள். பாயெல்லாம் பால்.

“கரண்டு போயிருச்சுங்களாம்மா?” என்றாள்.

“பட்டப்பகல்ல என்ன கரண்டு? பால் குடிக்காம இருக்கறதுக்கு நடிக்கறயா?”

கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை. “இருட்டா இருக்குதும்மா” என்று மட்டும் சொன்னாள். துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவளுக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ரத்த அணுக்கள் உடைந்து கிட்னி ஏறக்குறைய நின்றுவிட்டது, பிரஷர் ஏறி மூளையைத் தாக்கியிருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “வலிப்புக்கு முன்னாடி பார்வையிலயோ பேச்சுலயோ ஏதாச்சும் வித்தியாசம் தெரிஞ்சுதுங்களா?”

பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார். இருட்டைச் சொன்னால் அறைந்ததையும் சொல்ல வேண்டிவரும் என்று தோன்றியது.

“ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருந்தா.”

இரண்டு நாள் டயாலிசிஸ், பாதி மயக்கம். கண் திறக்கும்போதெல்லாம் அலறினாள். டியூபைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்றார் நர்ஸ். எதையும் அவள் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் நர்ஸ் ஒரு சிவப்புப் பந்தை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். “புடி கண்ணு, புடி.” அவள் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, “எங்கீங்க?” என்றாள்.

அதற்கு மேல் முடியவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் ஓடினேன். “அவளுக்குக் கண்ணு தெரியலீங்க. வலிப்பு வர்றதுக்கு முன்னாடியே சொன்னா. நடிக்கறான்னு நான் அடிச்சுப்போட்டேனுங்க.”

பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் வெளியே போய்விட்டார்.

டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, “கண்ணு நல்லாத்தான் இருக்குது. பார்க்கறதைப் புரிஞ்சுக்கற மூளைப் பகுதி வீங்கியிருக்கும். பெரும்பாலும் திரும்பி வந்துரும்” என்றார். “நீங்க அடிச்சதால வந்ததில்லை. ஆனா மொத நாளே எங்கிட்டச் சொல்லியிருக்கணும். ரெண்டு நாளா அந்தக் கொழந்தை இருட்டுல யாரையும் தெரியாம கெடந்திருக்குது.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

ஒரு வாரத்தில் பார்வை திரும்பியது. மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டி, “பாட்டிலுக்கு மூடி இல்லீங்களாம்மா?” என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. கிட்னியும் மெல்லத் தேறியது. வலிப்பு மாத்திரை இரண்டு வருடம் கொடுத்தோம். இடது கைப் பிடிமானம் இன்றும் கொஞ்சம் குறைவுதான். அறைந்தது அவளுக்கு நினைவில்லை. என் கணவர் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன செக்கப்பில் புதிதாக வந்த டாக்டர் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு ஒன்று விடாமல் சொன்னேன். அவள் இருட்டு என்று சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். அடித்ததை எழுதவில்லை.