அந்த வேனிலும் நான் இல்லை

உறவினர்கள் எல்லாருமாக இரண்டு வேன்களில் சுற்றுலா போய்விட்டு, சாணார்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில், கரூர்ப் பக்கம் ஒரு தீம் பார்க்கில் இறங்கினோம். தண்ணீர் விளையாட்டில் நனைந்துவிடுமே என்று என் போனைக் கணவரிடம் கொடுத்திருந்தேன்.

கடைசியாக மீன் காட்சியகத்துக்குள் நுழைந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் திருக்கை மீன் ஒன்று சேலை விரித்ததுபோல் நீந்தியது. அதைப் பார்த்தபடி நேரம் போனதே தெரியாமல் நின்றுவிட்டேன். வெளியே வந்தால் இரண்டு வேன்களையும் காணோம்.

டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பெண் தன் போனைத் தந்தாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் நம்பர் மட்டும்தான். அதற்கே அடித்தேன். கணவர்தான் எடுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "வீட்டுக்காரி பின்னாடி வேன்ல வாரா. ஊருக்குப் போனதும் பேசச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி அடித்தேன்.

"ஏங்க, நான்தான் பேசுறேன். பின்னாடி வேன்ல நான் இல்ல."

"அப்ப எங்க இருக்க?" என்றார்.

"நீங்க விட்டுட்டுப் போன எடத்துலதான்."

அதற்குள் வேடசந்தூரைத் தாண்டிவிட்டார்களாம். பார்க்கில் விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்கள். வேன் வரும்வரை அந்தப் பெண் வீட்டுக்குப் போகாமல் என்னோடு வாசலில் நின்றாள். வந்து இறங்கியவர், "சொல்லிட்டு நின்னுருக்கலாம்ல" என்றாரே பார்க்கலாம்!

இப்போதெல்லாம் என் போனை யாரிடமும் கொடுப்பதில்லை. எல்லார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுக்க விடுவதில்லை. கணவர் நம்பரை மனப்பாடம் செய்துவிட்டேன். அவருக்கும் என் நம்பரைச் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி நான்கு எண்களில்தான் இன்னும் தடுமாறுகிறார்.