கை மட்டும் தெரிந்த வீடியோ

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே ஸ்டூல், அதே சாணைச் சக்கரம். ஃபிரேமுக்குள் லென்ஸ் உட்கார மயிரிழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். மிளகாய் நறுக்கினால்கூட ஒன்றுக்கும் ஓரவஞ்சனை செய்யாமல் நறுக்குகிறாள் என்று புருஷன் கேலி செய்வார்.

அவருக்கு நோய் வந்தது. மருந்து ஏற ஏற நாக்கு மரத்துப்போய், எதைக் கொடுத்தாலும் காகிதம் தின்கிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளினார். அவளும் சளைக்காமல் எதையெதையோ செய்து பார்த்தாள். கடைசியில் கைகொடுத்தது பிரெட்டும் சீஸும்தான். வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கி, உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, விட்ட தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிடுவாள். அப்புறம்தான் துருவிய சீஸும் மிளகுத்தூளும் கொத்தமல்லியும். பிரெட்டை வெண்ணெயில் ஒரு பக்கம் முறுகவிட்டுத் திருப்பி, முறுகிய பக்கத்தில் கலவையைப் பரப்பி, மூடி போட்டுத் தீயைத் தணிப்பாள்.

முதல் கடியிலேயே அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "உறைக்குதுடி," என்றார். மூன்று மாதத்தில் சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார்.

அவர் போனபின் அந்த வீட்டில் சீஸ் வாங்கவே இல்லை.

கடையின் முன்பக்கக் கவுண்டரில் இருப்பவள் இவளைவிடப் பத்து வயது சின்னவள். ஆஸ்பத்திரி நாட்களில் இவளுக்காக முதலாளியிடம் மல்லுக்கு நின்று லீவு வாங்கித் தந்தவள். மதியம் இரண்டு பேரும் ஒரே மேஜையில்தான் டப்பாவைத் திறப்பார்கள். அவர் போய் இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம், யாரிடமும் சொல்லாத அந்த 'உறைக்குதுடி'யை இவள் சொன்னாள். கேட்டவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எனக்கும் ஒருதடவை செய்து காட்டுங்கள் அக்கா, மறக்காமல் இருக்க ஃபோனில் எடுத்துக்கொள்கிறேன், முகம் வராது, கை மட்டும்தான் என்றாள். ஃபோனைச் சாய்த்து வைக்க அவள் ஒரு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோதே இவள் காய்களைப் பிழிந்து முடித்திருந்தாள்.

மூன்று வாரம் போனது. கவுண்டர்காரி லீவில் இருந்த ஒரு நாள், முதலாளி பின்னறைக்கு வந்து ஃபோனை நீட்டினார். நம்ம பெண் ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டாள், பார் என்றார். தவாவில் பிரெட்டைத் திருப்பிய கையில், சக்கரம் கடித்துப் பிளந்த கட்டைவிரல் நகம். இவளுடைய கை. குரல் மட்டும் அவளுடையது: "என் வீட்டுக்காரருக்கு நாக்குல ருசியே போயிடுச்சு. அவருக்காக நானே கண்டுபிடிச்சது இது."

கீழே யாரோ அக்கறையாகக் கேட்டிருந்தார்கள், அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் என்று. பதிலும் இருந்தது. கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார், இரண்டு தட்டு காலி செய்கிறார்.

அப்படியானால் அவர் பிழைத்துவிட்டார். வேறொருத்தி வீட்டில்.

அன்று ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துக் கெடுத்தாள். ஆனால் கேட்கவில்லை. அவளே வந்து சொல்லட்டும் என்று நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, அந்த டோஸ்ட் எனக்கு சொதசொதன்னு ஆயிடுது. செஞ்சு பாத்தவங்களும் அதையேதான் சொல்றாங்க. என்ன விட்டுட்டேன்?"

"யாரு செஞ்சு பாத்தது?"

"சும்மா ஒரு வீடியோ போட்டேன்கா. பெருசா ஒன்னுமில்ல."

"உன் வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்கார்?"

கல்லைப் போட்டாலும் செரிக்கிற மனுஷன் அவள் புருஷன். டப்பா மூடியைத் திருகியபடி அவள் குனிந்துகொண்டாள்.

"கதை இருந்தாத்தான் பாக்குறாங்கக்கா. உங்களை எங்கயும் காட்டலையே. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

மன்னிச்சிடுங்க என்று ஒரு சொல் வந்திருந்தால் இவள் கரைந்திருப்பாள். அது இவளுக்கே தெரியும். தன் டப்பாவை மூடி எழுந்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு எப்படிச் செஞ்சியோ, அப்படியே செய். சரியா வரும்."

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வீடியோவைத் தேடி எடுத்தாள். 'அண்ணன் எப்படி இருக்கிறார்' என்ற கேள்விக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். இரண்டு பஸ்ஸை விட்டாள். அவரைத் தன் கையாலேயே இன்னொரு தடவை சாகவிட வேண்டியிருந்தது.

'அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இது என் கை.'

காலையில் வீடியோ இல்லை. கவுண்டர்காரி லென்ஸ் அளவுச் சீட்டுகளைப் பின்னறை ஜன்னல் வழியாக வைத்துவிட்டுப் போனாள். அக்கா என்று கூப்பிடவில்லை. மதியம் இவள் டப்பாவை மடியில் வைத்து ஸ்டூலிலேயே சாப்பிட்டாள்.